டர்பன் கால்சென்டர்களில் ஆய்வு செய்வது எப்படி: ஊழியர் திறன், அவுட்சோர்சிங், தொழில்நுட்பப் பயன்பாடு குறித்த முழுமையான வழிகாட்டி

தகவல் அமைப்புகள் துறையில் முதுகலை ஆய்வு தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்து, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காக. நான் டர்பனில் ஓர் அவுட்சோர்சிங் நிறுவனத்தில் கணினி உதவிப் பிரிவில் இருந்துகொண்டே, கால்சென்டர் ஊழியர்களைப் பற்றிய என் ஆய்வை முடித்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பல மாணவர்களின் வினாத்தாள்களைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடங்கள் ஒன்றேதான். புள்ளியியலில் யாரும் விழுவதில்லை. அதற்கு ஆறு மாதம் முன்பே விழுந்துவிடுகிறார்கள்.

எந்தத் தொழில்நுட்பம், அதைத் தேர்ந்தெடுத்தவர் யார், தினமும் அதில் வேலை செய்பவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வினாத்தாளைத் தொடாதீர்கள். கீழே உள்ள வரிசை முழுக்க இதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நிறுவனத்துக்குள் உங்களை அழைத்துப் போகக்கூடிய ஒருவர். எச்.ஆரில் இருப்பவரோ, செயல்பாட்டு மேலாளரோ, யாராக இருந்தாலும் சரி. இது இல்லாமல் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள். தலைப்பு ஒப்புதலாகி, நிறுவனம் கிடைக்காமல் ஒரு வருடம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் விண்ணப்பப் படிவம். முதல் வாரத்திலேயே இறக்கி, முழுவதும் படித்துவிடுங்கள். அதில் கேட்கப்படும் கேள்விகளே உங்கள் ஆய்வு முறையை வடிவமைத்துக் கொடுத்துவிடும்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது எல்லோரும் 'போப்பியா' என்று சொல்லும் 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சட்டம். 2021 ஜூலை 1 முதல் எல்லா நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இனம், மதம், தொழிற்சங்க உறுப்பினர் நிலை, உடல்நலம் போன்றவை இந்தச் சட்டப்படி சிறப்புத் தகவல்கள். உங்கள் கருதுகோளுக்குத் தேவைப்பட்டால் ஒழிய அவற்றைக் கேட்காதீர்கள். பழக்கத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு, ஏன் போட்டோம் என்று குழுவுக்கு விளக்க முடியாமல் தவிப்பவர்கள் நிறைய.

இன்னொன்று: ஆன்லைன் படிவத்தில் சேரும் தரவு எந்த நாட்டு சர்வரில் போய் உட்காருகிறது என்று பாருங்கள். நாட்டுக்கு வெளியே தனிநபர் தகவலை அனுப்ப அந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு நிபந்தனை வைக்கிறது. பெயர், ஊழியர் எண், மின்னஞ்சல் எதையும் படிவத்தில் வாங்காமல் இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

2. அனுமதிக் கடிதச் சுழலை முதலில் உடையுங்கள்

நிறுவனத்திடம் போனால், 'பல்கலைக்கழக ஒப்புதலைக் கொண்டு வாருங்கள்' என்பார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால், 'நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் எங்கே' என்பார்கள். புதியவர்கள் இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஓடுகிறார்கள்.

வழி எளிது. நிறுவனத்திடம் முழு அனுமதி கேட்காதீர்கள். 'நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தால், இன்ன பிரிவில், இத்தனை பேரிடம், இவ்வளவு நிமிடத்துக்குள் தரவு சேகரிக்கக் கொள்கை அளவில் சம்மதம்' என்று நிறுவனத் தாளில் ஒரு பக்கக் கடிதம் போதும். நீங்களே வரைவு எழுதிக் கொண்டுபோங்கள். காலி நேரத்தில் அவர்கள் எழுதித் தருவார்கள் என்று காத்திருந்தால் அந்த நேரம் வரவே வராது.

கடிதத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, தனிப்பட்ட ஊழியரின் பதிலை நிறுவனம் பார்க்காது என்பது. இரண்டு, நிறுவனத்தின் பெயர் ஆய்வேட்டில் வராது என்பது. முதலாவது ஊழியருக்குத் தைரியம் தரும், இரண்டாவது மேலாளருக்கு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நேர்மையான பதில் கிடைக்காது.

3. யார் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்று வரைந்து பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் வாடிக்கையாளர் நிறுவனம், உதாரணமாக பிரிட்டனில் உள்ள ஒரு மின்விநியோக நிறுவனம். நடுவில் டர்பனில் உள்ள அவுட்சோர்சிங் நிறுவனம். வலது ஓரத்தில் போன் எடுக்கும் ஏஜென்ட். பல இடங்களில் நடுவுக்கும் வலதுக்கும் இடையே இன்னொருவர் இருப்பார்: ஆள் சப்ளை செய்யும் லேபர் புரோக்கர்.

இந்தப் படம் எதற்கு? வினாத்தாளில் 'உங்கள் நிறுவனம் பயிற்சி தருகிறதா' என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள். அந்த ஏஜென்டுக்கு 'என் நிறுவனம்' எது? சம்பளச் சீட்டில் புரோக்கரின் பெயர் இருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையில் அவுட்சோர்சிங் நிறுவனத்தின் பெயர் இருக்கும். போனை எடுத்ததும் சொல்வது பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர். மூன்று பேர் மூன்று நிறுவனத்தை மனதில் வைத்து ஒரே கேள்விக்குப் பதில் எழுதுவார்கள். அந்தச் சராசரிக்கு அர்த்தமே கிடையாது.

தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 198ஏ பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள். புரோக்கர் வழியாக வந்து, குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவர் மூன்று மாதத்துக்கு மேல் அந்த இடத்தில் வேலை செய்தால், அந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்கு அவர் அங்குள்ள நிறுவனத்தின் ஊழியராகவே கருதப்படுவார். 2018-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆகவே 'எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கிறீர்கள்' என்ற கேள்வியில் மூன்று மாதத்துக்குக் கீழ், மேல் என்ற பிரிவு தவறாமல் இருக்கட்டும். பயிற்சி பற்றிய பதில்கள் இந்தக் கோட்டின் இரு பக்கமும் வேறுபடுகின்றனவா என்று பார்க்க முடியும்.

படம் முடிந்ததும், ஒவ்வொரு மென்பொருளுக்கும் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்தவரின் பெட்டியைக் குறியுங்கள். பெரும்பாலான அம்புகள் இடது ஓரத்தை நோக்கியே போகும். அடுத்த படிக்கு இதுதான் ஆதாரம்.

4. மாடலைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் அப்படியே ஒட்டாதீர்கள்

எல்லோரும் முதலில் ஓடுவது ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட டி.ஏ.எம். மாடலை, அதாவது தொழில்நுட்ப ஏற்பு மாடலை நோக்கி. பயன்படும் என்ற நம்பிக்கை, எளிது என்ற நம்பிக்கை, அவற்றால் பயன்படுத்தும் எண்ணம். கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்பவர்கள் வெங்கடேஷும் சக ஆய்வாளர்களும் 2003-ல் தந்த யூ.டி.ஏ.யூ.டி. மாடலை எடுப்பார்கள். செயல்திறன் எதிர்பார்ப்பு, முயற்சி எதிர்பார்ப்பு, சமூகத் தாக்கம், வசதிச் சூழல் என்று நான்கு காரணிகள்.

இரண்டும் நல்ல மாடல்கள். சிக்கல் கடைசிப் பெட்டியில் இருக்கிறது: 'பயன்படுத்தும் எண்ணம்'. லண்டனில் யாரோ வாங்கிய மென்பொருளை, டர்பனை ஒட்டிய உம்ஷ்லாங்காவில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் பயன்படுத்தாமல் இருக்க முடியுமா? முடியாது. காலையில் அதைத் திறந்தால்தான் வருகைப் பதிவே விழும். அவரிடம் போய் 'அடுத்த மூன்று மாதத்தில் இந்த மென்பொருளைப் பயன்படுத்த எண்ணியிருக்கிறேன்' என்ற வாக்கியத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டால், எல்லோரும் ஐந்து போடுவார்கள். வேறுபாடே இல்லாத மாறியை எதைக் கொண்டும் விளக்க முடியாது.

2003 கட்டுரையிலேயே இதற்கு இடம் உண்டு. பயன்பாடு கட்டாயமா விருப்பமா என்பதை அவர்கள் ஒரு தனி மாறியாக வைத்தார்கள். சமூகத் தாக்கம் வேலை செய்வது கட்டாயச் சூழலில், அதுவும் ஆரம்பக் காலத்தில்தான் என்றும் கண்டார்கள். மேற்கோள் போடுபவர்களில் பலர் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

கட்டாயச் சூழலில் கடைசிப் பெட்டியை மாற்றுங்கள். நான் பரிந்துரைப்பவை இரண்டு. ஒன்று, பயன்பாட்டின் ஆழம்: மென்பொருளின் எத்தனை வசதிகளை அவர் உண்மையில் தொடுகிறார். இரண்டு, குறுக்குவழிகள்: மென்பொருள் சொல்லும் பாதையை விட்டு விலகி வேலையை எப்படி முடிக்கிறார். ஆட்களுக்கு ஆள் வேறுபாடு தெரிவது இந்த இரண்டில்தான்.

இன்னொரு தவறு, தனிநபர் மாடலையும் நிறுவன மாடலையும் கலப்பது. டோர்னாட்ஸ்கியும் ஃப்ளைஷரும் 1990-ல் தந்த டி.ஓ.ஈ. (தொழில்நுட்பம், நிறுவனம், சூழல்) சட்டகம் நிறுவனம் ஏன் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்கிறது என்பதைச் சொல்வது. அதன் கேள்விகளை ஏஜென்டிடம் கேட்டால், 'மேலாண்மையின் ஆதரவு எப்படி' என்பதற்கு அவர் யூகித்துத்தான் எழுத வேண்டும். நிறுவனக் கேள்வி என்றால் நிறுவனங்களை எண்ணுங்கள், ஊழியர்களை அல்ல. ஒரே நிறுவனத்தில் 200 பேரைக் கேட்டாலும் நிறுவன அளவில் உங்கள் எண்ணிக்கை ஒன்றுதான்.

5. ஒரு முழு ஷிஃப்ட் பக்கத்தில் உட்காருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். நானும் தாண்டினேன். முதல் வரைவில் 'இந்த அமைப்பு என் வேலைக்குப் பயனுள்ளது' என்று ஒரு வரி வைத்திருந்தேன். முன்னோட்டத்துக்காக ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், இருபத்து மூன்று வயது இருக்கும். படித்துவிட்டு நிமிர்ந்து, 'எந்த அமைப்பு, அண்ணா? என் திரையில் ஏழு இருக்கிறதே' என்றார். 'அண்ணா' மட்டும்தான் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம். அடுத்த வாரமே அனுமதி வாங்கி, ஒன்பது மணி நேரம் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அன்று பார்த்தது இது. வாடிக்கையாளர் விவரம் ஒரு திரையில், பில் இன்னொரு திரையில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணை நகலெடுக்க முடியாது, பாதுகாப்புக்காக அடைத்துவிட்டார்கள். அட்டைப் பணம் வாங்கும் பிரிவு என்பதால் மேசையில் காகிதமும் பேனாவும் வைக்கக் கூடாது. அதனால் எல்லோருக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப்பலகையும் மார்க்கரும் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் எண்ணைப் பலகையில் எழுதி, அடுத்த திரையில் பார்த்துத் தட்டி, கட்டைவிரலால் அழிப்பார். மதியத்துக்குள் விரல் நீலமாகிவிட்டது. கையேட்டிலோ பயிற்சிப் பாடத்திலோ அந்தப் பலகையைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் அந்த இடத்தில் வேகமான ஏஜென்டுக்கும் மெதுவான ஏஜென்டுக்கும் உள்ள வித்தியாசமே, எண்ணை எழுதுகிறபோதே அடுத்த திரையைத் திறந்துவிடும் அந்தக் கைப்பழக்கம்தான்.

இதை எந்த வினாத்தாளும் உங்களுக்குச் சொல்லாது. ஷிஃப்ட் முழுவதும் உட்கார வேண்டியதற்குக் காரணமும் உண்டு. முதல் இரண்டு மணி நேரம் அவர் உங்களுக்காக ஒழுங்காகச் செய்து காட்டுவார். மூன்றாவது மணியில்தான் உண்மையான வேலை தெரியும்.

உட்காரும்போது மூன்று பட்டியல் எழுதுங்கள்: திறந்த மென்பொருள்களின் பெயர், அவர் சொல்லும் அதே பெயரில். மாட்டிக்கொண்ட இடங்கள். பக்கத்து இருக்கையில் கேட்ட கேள்விகள். மூன்றாவது பட்டியலிலிருந்து என் திறன் கேள்விகளில் பாதி வந்தன. வாடிக்கையாளரின் பெயர், கணக்கு எண் எதையும் குறிப்பில் எழுதக் கூடாது. அழைப்பைக் கேட்க ஹெட்செட் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். மறுமுனையில் இருப்பவர் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை.

6. திறனை எப்படி அளப்பது

இங்கே நிதானமாகப் போகலாம். ஆய்வின் மதிப்பு இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது.

சான்றிதழும் திறனும் ஒன்றல்ல. தேசியத் தகுதிச் சட்டகத்தில் (என்.கியூ.எஃப்.) மெட்ரிக், அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்பு, நான்காம் நிலை, இளங்கலைப் பட்டம் ஏழாம் நிலை. 'என்.கியூ.எஃப். நிலை என்ன' என்று கேட்டு, அதையே திறன் என்று பகுப்பாய்வில் போடுபவர்கள் உண்டு. வேலை கிடைக்காமல் பட்டதாரிகளும் கால்சென்டருக்கு வரும் நாடு இது. அதே மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்த, மெட்ரிக் மட்டும் முடித்தவர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். தகுதியைத் தனி மாறியாக வையுங்கள்.

அடுத்து, சுயமதிப்பீடு. 'என் கணினித் திறன் நன்று' என்ற வாக்கியம் நம்பிக்கையை அளக்கும், திறனை அளக்காது. குறைவாகத் தெரிந்தவர் தன்னை அதிகமாக மதிப்பிடும் போக்கை க்ரூகரும் டன்னிங்கும் 1999-ல் காட்டினார்கள். கால்சென்டரில் இன்னொரு காரணமும் சேரும்: சுமார் என்று எழுதினால் மறுபயிற்சிக்கு அனுப்பிவிடுவார்களோ, ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம். அதை நியாயமில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் செய்தது, இரண்டையும் சேர்த்துக் கேட்பது. முதலில் ஆறு சுயமதிப்பீட்டு வாக்கியங்கள். எல்லாம் குறிப்பான செயல்கள்: 'மேற்பார்வையாளரைக் கேட்காமல், தவறான பில்லைத் திருத்தக் கோரிக்கை பதிவு செய்ய என்னால் முடியும்.' அதற்குப் பிறகு மூன்று நிமிடச் சிறு பணி. கற்பனை வாடிக்கையாளர் ஒருவரின் மூன்று திரைகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, பில்லில் உள்ள தவறு எங்கே என்று வட்டமிடச் சொன்னேன். நிறுவனத்தின் உண்மையான திரையைப் படம் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். அது வாடிக்கையாளர் நிறுவனத்தின் சொத்து, ஒப்பந்தப் பிரச்சினை வரும். அதே அமைப்பில் நீங்களே வரையுங்கள்.

நிறுவனம் வைத்திருக்கும் எண்களும் உதவும்: ஓர் அழைப்புக்குச் சராசரி நேரம், முதல் அழைப்பிலேயே தீர்ந்த விகிதம், தர மதிப்பெண். ஆனால் ஒரு கேம்பெய்னுக்குள், அதாவது ஒரே வகை அழைப்புகளை எடுக்கும் குழுவுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். புகார் அழைப்பு எடுப்பவரையும், முகவரி மாற்றும் அழைப்பு எடுப்பவரையும் ஒரே அளவுகோலில் வைத்தால், நீங்கள் அளப்பது அழைப்பின் கடினத்தை.

பயிற்சி பற்றி நிறுவனத்திடம் கேட்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. திறன் வளர்ப்பு வரிச் சட்டப்படி சம்பளப் பட்டியலில் 1% கட்டும் நிறுவனங்கள், கட்டாய மானியத்தைத் திரும்பப் பெற ஆண்டுதோறும் பணியிடத் திறன் திட்டத்தையும் பயிற்சி அறிக்கையையும் தங்கள் துறையின் செட்டா (துறைவாரிப் பயிற்சி ஆணையம்) அமைப்பிடம் சமர்ப்பிக்கின்றன. வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 30. திட்டமிட்ட பயிற்சி எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று பதவி வாரியாக அதில் இருக்கும். ஊழியர்கள் சொல்வதோடு ஒப்பிட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மார்ச், ஏப்ரலில் போய்க் கேட்காதீர்கள், எச்.ஆர். ஆட்கள் அதே வேலையில் மூழ்கியிருப்பார்கள். மே இரண்டாம் வாரம் போனால் கோப்பு தயாராக இருக்கும். ஆண்டுச் சம்பளச் செலவு 5,00,000 ரேண்டுக்குக் கீழ் உள்ள சிறு நிறுவனங்களுக்கு இந்த வரி கிடையாது, அதனால் அந்த ஆவணம் அவர்களிடம் இருக்க வாய்ப்பு குறைவு. ஆவணம் தருகிற நிறுவனங்களை மட்டும் எடுத்தால் உங்கள் ஆய்வு பெரிய நிறுவனங்களின் ஆய்வாகிவிடும். அப்படியானால் அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

7. வினாத்தாளின் மொழியும் நீளமும்

ஏஜென்டுகள் ஆங்கிலத்தில் வேலை செய்கிறார்கள், அதனால் ஆங்கில வினாத்தாள் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்கிரிப்ட் படிக்கும் ஆங்கிலம் வேறு, தன்னைப் பற்றி யோசித்துப் பதில் சொல்லும் மொழி வேறு. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பலருக்கு வீட்டு மொழி ஜூலு. ஒருவர் ஜூலுவுக்கு மொழிபெயர்க்கட்டும், ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைத் திருத்துங்கள். பிரிஸ்லின் 1970-ல் முன்வைத்த முறை இது, இன்றும் நெறிமுறைக் குழுக்கள் கேட்பது இதைத்தான்.

ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். 'மென்பொருள் வேகமாகவும் எளிதாகவும் உள்ளது' என்றால், வேகம் உண்டு எளிமை இல்லை என்பவர் எதைப் போடுவார்?

தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். அதில் கழிப்பறை, தேநீர், வீட்டுக்கு ஒரு போன். உங்களுக்கு ஏழு நிமிடம் கிடைத்தால் பெரிது. என் அனுபவத்தில் முப்பது வாக்கியங்களுக்கு மேல் போனால் கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே எண்ணாக வருகிறது.

8. யாரைக் கேட்பது, எத்தனை பேரை

க்ரெய்சியும் மார்கனும் 1970-ல் தந்த அட்டவணையை எல்லோரும் பார்ப்பார்கள்: 1,000 பேர் இருந்தால் 278 பேர். அந்த எண்ணை எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். அந்த அட்டவணை ஒவ்வொருவரும் தனித்தனியாக, குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டதாக எண்ணிப் போட்டது. கால்சென்டரில் நீங்கள் பெறுவது அணிகளை. ஒரே டீம் லீடருக்குக் கீழ் உள்ள பதினைந்து பேர் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அணிக்கு 15 பேர், அணிக்குள் ஒற்றுமை அளவு 0.1 என்றால், 14-ஐ 0.1-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 2.4. பதினாறு அணிகளிலிருந்து 240 பேர் வாங்கினாலும், புள்ளியியல் பலம் 240-ஐ 2.4-ஆல் வகுத்தால் வரும் 100 பேருக்குத்தான். ஆகவே ஓர் அணியில் எல்லோரையும் கேட்பதைவிட, அதிக அணிகளில் ஐந்தைந்து பேரைக் கேளுங்கள்.

நம்மவர்கள் செய்யும் ஒரு தவறை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். எச்.ஆர். பட்டியலைக் கையில் வாங்கியதும் கவண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு என்ற இந்திய வம்சாவளிப் பெயர்களில் கண் நின்றுவிடும். பேச எளிதாக இருக்கும் என்று அவர்களிடம் முதலில் போவோம். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். காவடிக்கும் கோயிலுக்கும் வரும் அதே மனிதர்கள் நம்மோடு நெருக்கமாகப் பழகுவார்கள், உண்மைதான். ஆனால் அந்த நெருக்கமே பதிலை வளைத்துவிடும். உங்கள் மனம் நோகாதபடி பேசுவார்கள். பட்டியலுக்கு எண் கொடுத்து, கணினியைக் குலுக்கச் சொல்லி, வந்த எண்ணிடம் போங்கள்.

போய்விட்டவர்களையும் மறக்காதீர்கள். பயிற்சிக் காலத்திலேயே விலகியவர் உங்கள் வினாத்தாளைப் பார்க்கவே மாட்டார். மென்பொருள் மிகக் கடினம் என்று சொல்லியிருக்கக்கூடியவர் அவர்தான். ஒரு குறிப்பிட்ட மாதத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இன்று இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்ணையாவது வாங்குங்கள். முடிந்தால், விலகியவர்களைத் தொடர்புகொள்ள நிறுவனம் வழியாகவே ஓர் அழைப்புக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் போன் எண்ணை நேரடியாக வாங்குவது போப்பியாவுக்கு முரணாகலாம்.

9. களத்தில் இறங்கும் நாட்கள்

நவம்பர் பிளாக் ஃபிரைடே முதல் ஜனவரி நடு வரை போகாதீர்கள். பிரிட்டன் கடிகாரம் மாறும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு, இவற்றை ஒட்டிய வாரமும் வேண்டாம். நமக்கும் அவர்களுக்கும் பிரிட்டனின் கோடையில் ஒரு மணி நேரம், அங்குள்ள குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் வித்தியாசம். ஷிஃப்ட் எல்லாம் ஒரே நாளில் நகரும், டாக்சி நேரம் குழம்பும், யாருக்கும் உங்களுக்கு நேரம் இருக்காது.

டீம் லீடர் கையில் தாளைக் கொடுக்காதீர்கள். என் முதல் சேகரிப்பில் அப்படித்தான் செய்தேன். அவர் அன்போடு விநியோகித்து, அன்போடு திரும்ப வாங்கி, ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் நான்கும் ஐந்தும். அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, இடைவேளை அறையில் ஒட்டிய மூடியுள்ள பெட்டியோடு மறுபடி ஆரம்பித்தேன். இரண்டு மாதம் போனது.

போனில் நிரப்பச் சொன்னால் அவர்களுடைய டேட்டா செலவாகும். ப்ரீபெய்டில் இருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. நிறுவனத்தின் விருந்தினர் வைஃபை கேட்டு வாங்குங்கள், அல்லது தாளிலேயே முடியுங்கள்.

தரவு எந்த மாதத்தில் சேகரித்தது என்பதை ஒவ்வொரு வரிசையிலும் பதிவு செய்யுங்கள். 2023 இந்த நாட்டில் மின்வெட்டு மிக மோசமாக இருந்த ஆண்டு. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பல மாதங்கள் மின்வெட்டே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் 'தேவையான வசதிகள் எனக்கு உள்ளன' என்ற வரிக்கு இந்த இரண்டு காலத்திலும் ஒரே பதில் வராது. பழைய ஆய்வோடு ஒப்பிடும் முன் அதன் தேதியைப் பாருங்கள்.

10. பகுப்பாய்வு

முதலில் சுத்தம் செய்யுங்கள். ஒரே எண்ணை மேலிருந்து கீழ்வரை போட்டவர்கள், இரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர்கள், எதிர்மறை வாக்கியத்துக்கும் நேர்மறை வாக்கியத்துக்கும் ஐந்து போட்டவர்கள். நீக்கும் விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால், முடிவுக்குச் சாதகமான விதியைத் தேடுவோம். நல்லவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

நம்பகத்தன்மைக்கு, அதாவது ஒரு காரணியின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்கு, க்ரான்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. 0.95-ஐத் தாண்டினால் மகிழ்ச்சியடையாதீர்கள், ஒரே கேள்வியை வார்த்தை மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காரணிகள் ஒன்றோடொன்று கலக்கவில்லை என்று காட்ட எச்.டி.எம்.டி. அளவு 0.85-க்குக் கீழ் இருப்பது நல்லது. 'பயன்' 'எளிமை' இரண்டும் கட்டாயச் சூழலில் ஒட்டிக்கொள்ளும், அதை முதலில் பாருங்கள்.

காரணத்தையும் விளைவையும் ஒரே ஆள், ஒரே தாளில், ஒரே நேரத்தில் சொன்னால், அவர்களுக்குள் தெரியும் உறவில் ஒரு பகுதி அன்றைய மனநிலைதான். இதற்கு ஹார்மன் சோதனையை (எல்லாக் கேள்விகளையும் ஒரே காரணி விளக்கிவிடுகிறதா என்று பார்ப்பதை) மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. நீங்கள் ஆறாவது படியைச் செய்திருந்தால், திறன் சிறு பணியிலிருந்து வருகிறது, பயிற்சி ஆவணத்திலிருந்து வருகிறது, மனப்பாங்கு மட்டும் வினாத்தாளிலிருந்து வருகிறது. எந்தத் தேர்வாளரிடமும் இதைக் காட்டி நிமிர்ந்து உட்காரலாம்.

அணிகள் இருப்பதால் பல அடுக்கு மாடல் போடுங்கள். ஆர் மென்பொருளில் இலவசமாகச் செய்யலாம். ஸ்மார்ட் பி.எல்.எஸ். மென்பொருள் தரும் அம்புக்குறிப் படம் அழகாக இருக்கும், ஆனால் அணி வேறுபாட்டை அது தானாகக் கவனிக்காது. எதிலும் 'காரணம்' என்ற சொல்லைப் போடாதீர்கள். ஒரே ஒரு முறை எடுத்த தரவில் 'தொடர்பு' வரைதான் போக முடியும்.

11. ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு

நிறுவனத்துக்குப் பத்துப் பக்க அறிக்கை கொடுங்கள், ஊழியர்களுக்கு ஒரு பக்கம். இடைவேளை அறையில் ஒட்ட அனுமதி வாங்குங்கள். ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் இருக்கட்டும். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் சராசரியையும் போடாதீர்கள். 'இரவு ஷிஃப்ட், பெண், நாற்பதுக்கு மேல்' என்றால் அந்தத் தளத்தில் எல்லோருக்கும் அவர் யார் என்று தெரிந்துவிடும்.

நான் ஒட்டிய தாளில் நான்கு வரிகள்தான் இருந்தன. மூன்றாவது வரி, திரைகளுக்கு இடையே எண்ணை நகலெடுக்க முடியாததால் ஒவ்வொரு அழைப்பிலும் போகும் நேரம் பற்றியது. அந்தப் பெண் அதன் கீழே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த முறை அந்த நிறுவனத்துக்கு ஒரு மாணவரை அனுப்பியபோது, எச்.ஆர். அனுமதிக் கடிதம் ஒரே வாரத்தில் கிடைத்தது.

பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் கோப்பு உங்களிடம் இருந்தால், ஆய்வேடு ஏற்கப்பட்ட அன்றே அழித்துவிட்டு, அழித்த தேதியை நெறிமுறைக் குழுவுக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள்.